ஆறாம் கட்டத்துச் செவ்வாய்

வாருங்கள். செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். காலையில் போன் செய்தது நீங்கள்தானே? எட்டயபுரத்திலிருந்து பத்து மணிக்கு வருகிறேன் என்றீர்கள், இப்போது பத்தே முக்கால். பரவாயில்லை. இந்தக் காலத்தில் சொன்ன தேதியில் வந்தாலே பெரிய விஷயம்.

அதோ மேஜைமேல் துண்டு போட்டு மூடியிருக்கிறதே, அதுதான் பிரிண்டர். துண்டை எடுக்க அவசரமில்லை. உட்காருங்கள். போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள், "ஏன் சார் விக்கிறீங்க?" என்று. அது போனில் சொல்லுகிற விஷயமில்லை. என்னிடம் ஒரு பொருளை வாங்குகிறவர் அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். அது என் வழக்கம்.

என் பெயர் கோமதிநாயகம். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். கடைசிப் பதினொரு வருஷம் தலைமை எழுத்தர். நான் எழுதின பதிவேட்டில் ஓர் அடித்தல் பார்க்க முடியாது, ஒரு திருத்தல் பார்க்க முடியாது. ஒருத்தன் வந்தான், பெண் குழந்தையை ஆண் என்று பதிந்துவிட்டீர்கள் என்று. பதிந்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னபடிதானே எழுதியிருப்பேன்? எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் அலைந்தான். கடைசியில் கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கி வந்தான். அப்போதும் திருத்தியது நான் இல்லை, எனக்கு அடுத்து வந்தவர். நான் திருத்தவில்லை.

வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள், சங்கரி. ரத்தம் பரிசோதிக்கிற ஒரு லேபில் வேலை பார்த்தாள். நல்ல பெண்தான். எல்லாம் தெரிந்தமாதிரி பேசுவாள், அது ஒன்றுதான் குறை.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது இந்த மெஷினை அவளேதான் வாங்கினாள். ஜெராக்ஸ் கடையில் ஜாதகத்தைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. கடைக்காரன் படிப்பான். வரிசையில் நிற்கிறவன் எட்டிப் பார்ப்பான். சாயங்காலத்துக்குள் என் மகளுக்கு என்ன திசை நடக்கிறது என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும். அதனால் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, கிரகங்களை எழுதி, கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு பிரதி எடுத்து அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

"போன்ல அனுப்பிரலாமேப்பா, ஒரு நிமிஷ வேலை" என்பாள்.

"கல்யாணம் என்ன கரண்ட் பில்லா, போன்ல அனுப்ப?" என்பேன். ஜாதகம் என்றால் தாளில் இருக்க வேண்டும், நாலு மூலையிலும் மஞ்சள் இருக்க வேண்டும். மஞ்சள் தடவாத ஜாதகத்தை வாங்குகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் பெண் கொடுக்க மாட்டேன்.

முதலில் எல்லாரும் செய்கிறமாதிரி அச்சடித்த பிறகுதான் மஞ்சள் தடவினேன். ஈரம் பட்டதும் இந்த மெஷின் மை ஊறிப் பரவிவிடுகிறது. மூலையில் இருக்கிற மீனமும் மிதுனமும் கண்ணீர் விட்ட கடுதாசி மாதிரி ஆகிவிட்டன. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு இருபது தாள் எடுத்து, வெறும் தாளாக இருக்கும்போதே நாலு மூலையிலும் கெட்டியாக மஞ்சள் வைத்து, ஃபேன் காற்றில் காயப்போட்டு, பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்து அமுக்கி எடுத்தேன். பிறகு அந்தத் தாளை மெஷினில் கொடுத்தேன். மையும் பரவவில்லை, மஞ்சளும் இருக்கிறது. இந்த யோசனை இதற்குமுன் யாருக்காவது தோன்றியிருக்கிறதா? விசாரித்துப் பாருங்கள், தோன்றியிருக்காது.

ஒரு வருஷம் ஓடியது. அறுபது எழுபது பிரதி போயிருக்கும். வந்த வரன்கள் எல்லாம் ஒவ்வொரு தினுசு. ஒருத்தன் அப்பா காபியைச் சத்தம் போட்டு உறிஞ்சினார். இன்னொருத்தன் பெண் பார்க்க அரைக்கால் டவுசரில் வந்தான், கேட்டால் டிராவல் பண்ணினானாம். அவர்களைப் பற்றிப் பேசி என்ன. தென்காசி வரன் வந்தபோதுதான் எனக்கே ஒரு பிடிப்பு வந்தது. பையனின் அப்பா ஆறுமுகநயினார், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து உட்கார்ந்தார், பேசினார், அளவாகச் சாப்பிட்டார். பையனும் கூட வந்தான். சங்கரியும் அவனும் ஐந்து நிமிஷம் மாடிப்படியில் நின்று பேசினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. "முறைப்படி ஜாதகம் அனுப்புங்க பிள்ளைவாள், எங்க ஜோசியர்ட்ட காட்டிட்டு தாம்பூலம் மாத்திக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் கிறுக்குப் பிடித்து ஆட ஆரம்பித்தது. எழுத்துமேல் எழுத்து ஏறி விழுகிறது. நேர்கோடு போட்டால் மாடிப்படி மாதிரி முறிந்து முறிந்து இறங்குகிறது. தாளின் இடது பக்கம் ஒழுங்காக இருக்கும், வலது பக்கம் போகப் போகத் தள்ளாடும். நான் சும்மா இருக்கிற ஆளா? மை டப்பாவைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து சுத்தம் செய்கிற உத்தரவு மூன்று தடவை கொடுத்தேன், மை போனதுதான் மிச்சம். வயரை மாற்றினேன். எதிர்வீட்டுக்காரன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், அவன் வெல்டிங் வைக்கிறபோது இழுக்கிற கரண்டால் இருக்கும் என்று அவனிடம் போய் இரண்டு வார்த்தை கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, போன வருஷம்லாம் நான் வெல்டிங் வைக்கலியா?" என்கிறான். படிக்காதவனிடம் என்ன பேசுவது.

சங்கரி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூலையைச் சுரண்டினாள். விரலில் ஒட்டியதை என்னிடம் காட்டினாள்.

"அப்பா, இதுதான். இந்தத் தூள் உள்ள போய் உதிருது."

"நீ ரத்தத்தைப் பாரு, தாளை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

தென்காசிக்குத் தபால் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. ஆறு பிரதி எடுத்து, இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினேன். கொஞ்சம் ஆடியிருந்தது, மறைப்பானேன். ஆனால் படிக்கத் தெரிந்தவனுக்குப் புரியும். கவரில் வைத்து அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் ஆறுமுகநயினார் போன் செய்தார். "பிள்ளைவாள், பொண்ணுக்கு செவ்வாய் ஏழுல இருக்கே. சொல்லவே இல்லையே நீங்க? எங்க பையன் சுத்த ஜாதகம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! உங்களுக்கு ஜாதகம் தெரியுமோ என்னவோ. என் மகள் மேஷ லக்கினம். செவ்வாய் கன்னியில், ஆறாம் வீட்டில். ஆறில் இருந்தால் தோஷமே கிடையாது. பக்கத்துக் கட்டம் துலாம், அதுதான் ஏழு. அங்கே இருந்தால் செவ்வாய் தோஷம். இந்த மெஷின் கீழ்வரிசையில் கோட்டை முறித்து, எழுத்தை இடது பக்கமாகத் தள்ளி, 'செவ்' என்கிற எழுத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கட்டத்தில் வைத்திருக்கிறது. கோடு முறிந்திருக்கிறதே, முறிந்த இடத்தில் ஒரு துண்டு தனியாகத் தொங்குகிறதே, அதைச் சேர்த்துப் பார்த்தால் செவ்வாய் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைக்கூடப் பார்க்கத் தெரியாதவன் ஜோசியனா? அவனுக்கு ஒரு பலகை, ஒரு சோழி, நாலு சீடன்.

சங்கரி அன்றைக்கே சொன்னாள். "அப்பா, தப்பா அச்சாயிட்டுன்னு அவங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்க."

நான் ஏன் சொல்ல வேண்டும்? முதலில் மெஷினைச் சரிசெய்வது, ஒழுங்கான பிரதி ஒன்றை எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவது. பேச்சு எதற்கு? தாள் பேசும்.

பஜாரில் இசக்கிமுத்து என்று ஒருத்தர், இந்த மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். வழுக்கைத் தலை, நெற்றியில் தூக்கி வைத்த கண்ணாடி. வந்தார். மூடியைத் திறந்து ஒரு டார்ச்சை அடித்து, உள்ளே குறுக்காகக் கட்டியிருக்கிற ஒரு நாடாவைக் காட்டினார். கண்ணாடி மாதிரி மெல்லிசான நாடா.

"சார், இதுல கண்ணுக்குத் தெரியாத கோடு ஆயிரக்கணக்குல இருக்கு. மை கொட்டுத தலை, ஓடும்போது இந்தக் கோட்டை எண்ணிக்கிட்டேதான் ஓடும். எங்க இருக்கோம்னு அதுக்கு அப்படித்தான் தெரியும். இதுல அழுக்கு ஒட்டிட்டுன்னா எண்ணிக்கை விட்டுப்போகும். அது பாட்டுக்கு எங்கேயாவது எழுதும்."

ஈரப் பஞ்சால் நாடாவைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. தாளை இழுக்கிற ரப்பர் உருளையைத் துடைத்தார். அதுவும் மஞ்சள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சார், இது மஞ்சத்தூள்லா?"

"மஞ்சள் மை கசிஞ்சிருக்கும்" என்றேன்.

"மையில ஏது சார் சாம்பார் வாசனை?"

சங்கரி அடுப்படியில் சிரித்தாள். வேலைக்கு வந்தவன் முன்னால் பெற்ற தகப்பனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த ஆளுக்கு அது போதுமே. "மஞ்சத் தாளை இதுல போடாதிய சார். பூசணும்னா அடிச்ச பிறகு விரல்ல தொட்டு லேசா ஒத்தி எடுங்க, இல்லன்னா தூளாத் தூவுங்க. மெஷினுக்கு எதுக்கு மஞ்சக்காப்பு?" என்று எனக்கே பாடம் நடத்தினார். வெறும் தாளில் ஒரு பிரதி எடுத்துக் காட்டினார். கட்டம் சதுரம் சதுரமாக விழுந்தது. செவ்வாய் கன்னியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அதையே அனுப்பிரலாம்ப்பா" என்றாள் சங்கரி. "நான் மூலையில மஞ்சள் தொட்டு வைக்கேன்."

நாலு பேர் கை பட்ட தாள், டார்ச்சும் பஞ்சும் கிடந்த இடத்தில் எடுத்த தாள், அதையா மகள் கல்யாணத்துக்கு அனுப்புவது? அவள் வேலைக்குப் போன பிறகு என்னுடைய தாளைப் போட்டேன். முதல் பிரதி நன்றாகத்தான் வந்தது. ஒன்றை மட்டும் அனுப்புவதா, கையில் இரண்டு இருக்கட்டும் என்று தொடர்ந்து எடுத்தேன். ஐந்தாவது தாளில் லேசாக ஆட்டம். ஏழாவது தாள் பழையபடி மாடிப்படி. முதல் பிரதியை அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அதன்மேல்தான் ஈரக் கையோடு டம்ளரை வைத்துவிட்டேன், கோபத்தில்.

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, "என்னய்யா ரிப்பேர் பாத்த, ஒரு நாள் தாங்கலியே?" என்று கேட்டேன்.

"எந்தத் தாள் போட்டிய?" என்கிறார். பதில் கேள்வி! வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சங்கரி வேலையிலிருந்து வந்தாள், மேஜைமேல் கிடந்த ஏழு தாளையும் பார்த்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவளே தென்காசிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, இதோ இந்த மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, நான் சங்கரி பேசுதேன்."

மாமாவாம்! நிச்சயமே ஆகவில்லை.

"அது பிரிண்டர் கோளாறு மாமா. கோடு நகந்து அடிச்சிட்டு. செவ்வாய் ஆறுலதான் இருக்கு. பிறந்த நேரம் சொல்லுதேன், நீங்க எந்த ஜோசியர்ட்ட வேணாலும் புதுசாக் கணிச்சுக்கிடுங்க. ஆவணி மாசம், தாள்ல இருக்குத அதே தேதி, ராத்திரி எட்டே முக்கால்."

அந்தப் பக்கம் ஆறுமுகநயினார் பேசினார். நிதானமாகத்தான் பேசினார், குறை சொல்லக்கூடாது.

"எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கும்மா. ஆனா எங்க வீட்டு ஆளுக என்ன சொல்லுவாக? தோஷம்னு தெரிஞ்சதும் கட்டத்தை மாத்துதாக, நேரத்தை மாத்துதாகன்னுதான் சொல்லுவாக. நீ சொன்னா எடுபடாது. அப்பாட்ட குடு. தப்பான தாளை அனுப்பிட்டேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

சங்கரி போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீட்டின கையை இறக்கவே இல்லை. பகல் முழுக்க ஊசி பிடித்த கைக்கு அது பழக்கம்தான்.

நீங்களே சொல்லுங்கள். முப்பத்தாறு வருஷம். கமிஷனர் கூப்பிட்டுச் சொல்லியும் ஒரு திருத்தல் போடாதவன். நான் தப்பான தாள் அனுப்பினேன் என்று, ஸ்பீக்கரில், கார்டு வேலை பார்த்த ஒருத்தரிடம் சொல்ல வேண்டுமாம். கொடியை ஆட்டினவருக்குக் கோடு என்ன தெரியும்? ஆனாலும் நான் மரியாதையில் குறை வைக்கவில்லை.

"பிள்ளைவாள், நான் அனுப்பின தாளில் தப்பு கிடையாது. பார்த்தவன் கண்ணிலதான் தப்பு" என்றேன்.

அவ்வளவுதான். அதில் பொய் இருக்கிறதா? முறிந்த கோட்டைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாத ஜோசியனைச் சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ.

"அப்ப தாள் சரிதான்னு சொல்லுதிய" என்றார்.

"என் கையிலிருந்து போன தாள்."

"சரி பிள்ளைவாள். நல்லது. பாப்பா, வச்சிருதேன்ம்மா." வைத்துவிட்டார்.

சங்கரி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போனைப் பையில் போட்டாள். அடுப்படிக்குப் போய் எனக்குத் தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, "ஒரு வார்த்தைதானப்பா கேட்டாங்க" என்றாள்.

"நானும் ஒரு வார்த்தைதான் சொன்னேன்" என்றேன்.

"அவங்க மகனும் நானும் ரெண்டு மாசமாப் பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். பேசிக்கொண்டிருந்தார்களாம். இரண்டு மாசம் பேசினவன் தன் அப்பாவிடம் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே? அவன் வாயில் என்ன இருந்தது? பெற்றவன் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் துணிவில்லாத பிள்ளைக்கு என் மகளைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். நல்லவேளை என்றுதான் நான் நினைக்கிறேன். அவனுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகிவிட்டது. சிவகிரிப் பக்கம் பெண்.

அதற்குப் பிறகு நான் மூன்று நல்ல வரன் கொண்டுவந்தேன். "யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம்ப்பா" என்றாள். சண்டை போடவில்லை, கத்தவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு இசக்கிமுத்துவை அவளே கூப்பிட்டாள். அவர் வந்து சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனார், என்னிடம் ஒரு வணக்கம்கூட இல்லை. அவள் கடையிலிருந்து ஒரு கட்டு வெறும் தாள் வாங்கிவந்து, தன்னுடைய சர்டிபிகேட், வேலைக்கு விண்ணப்பம் என்று வரிசையாக அடித்தாள். பன்னிரண்டு பக்கம். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் எழுத்து நகரவில்லை.

இப்போது ஓசூரில் ஒரு பெரிய லேபில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். ஆயிற்று என்பேன். வைத்துவிடுவாள். போகும்போது மெஷினை எடுத்துக்கொண்டு போ என்றேன். "வேண்டாம்ப்பா, உங்களுக்குத் தேவைப்படும்" என்றாள். எனக்கு எதற்கு? நான் யாருக்கு அச்சடித்து அனுப்ப? அதனால்தான் விற்கிறேன். இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

இப்போது துண்டை எடுத்துப் பாருங்கள். என்ன யோசிக்கிறீர்கள்? வீட்டம்மா டியூஷன் எடுக்கிறார்கள், கேள்வித்தாள் அடிக்க வேண்டும் என்றுதானே சொன்னீர்கள். ஓ, அதுவா. இவ்வளவு கதை கேட்ட பிறகு, பழுதான மெஷினைத் தலையில் கட்டுகிறானோ என்று பயம். சொல்லுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். பிள்ளைகளின் கேள்வித்தாளில் எழுத்து நகர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான்.

கேட்டுக்கொள்ளுங்கள். கோமதிநாயகம் கையிலிருந்து பழுதான பொருள் போகாது. இந்த மெஷின் தங்கமான மெஷின். மின்சாரம் போய் வந்தாலும் ஒன்றும் ஆகாது, எதிர்வீட்டில் வெல்டிங் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. வெறும் தாளைப் போடுங்கள், பத்து வருஷம் உழைக்கும். வாய் வார்த்தையில் நம்பிக்கை இல்லையென்றால் எழுதியே தருகிறேன். அந்தப் பேனாவை எடுங்கள்.

'இந்தப் பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை. இதற்கு முன்பும் எப்போதும் இருந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்.' கையெழுத்து, கீழே தேதி. இந்தாருங்கள். ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. வாசித்துப் பாருங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தமிழ் வாசிக்கத் தெரியும்தானே?